கோடு போட்ட பெயருக்கு விழுந்த வாக்குகள்

இசக்கிமுத்து சார் காலமான செய்தி எனக்கு ஒரு துண்டுச் சீட்டில் வந்தது. மே மாதக் கடைசி. பல்கலைக்கழகத் தேர்வுத் தாள்களைத் திருத்தும் முகாமில் உட்கார்ந்திருந்தேன். முகாமில் பேசக் கூடாது என்பது விதி. அதனால் முதன்மைத் தேர்வாளர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சீட்டை என் மேசையில் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நின்றார். நாங்குநேரி பஸ்ஸில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்று இரண்டு வரி எழுதியிருந்தது.

என் விடைத்தாள் கட்டில் நான்கு மீதமிருந்தன. நான்கையும் திருத்தி, கூட்டலைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. விதி என்று ஒன்று இருந்தால் அதன் பின்னால் நின்றுகொள்வது என் வழக்கம். அதனால் நேர்ந்த ஒன்றைப் பற்றியும் இந்தக் கட்டுரையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கல்லூரி ஆண்டு மலரைப் படிப்பவர்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். திரு. மா. இசக்கிமுத்து அரசியல் அறிவியல் துறையில் பதினேழு ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தார். நாங்குநேரிக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். தாயும் தந்தையும் வயல் வேலைக்குப் போனவர்கள். வேலை கிடைத்த பிறகும் ஊரை விட்டு வரவில்லை. காலையில் பஸ்ஸில் வருவார், மாலையில் பஸ்ஸில் போவார். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்து விட்டிருப்பார். சுண்ணாம்புக்கட்டி படாமல் இருக்க என்று காரணம் சொல்வார். ஆனாலும் மதியத்துக்குள் சட்டையெல்லாம் வெள்ளையாகிவிடும்.

எங்கள் துறையில் பிரிட்டிஷ் அரசியலமைப்புத் தாளை நாங்கள் இருவரும் பாதிப் பாதியாக நடத்தினோம். முடியரசு, அமைச்சரவை, நாடாளுமன்றம் என் பங்கு. தேர்தலும் கட்சிகளும் அவர் பங்கு. அந்தத் தாளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: பல கட்சிகள் இருப்பது பிரிட்டனின் பிரதிநிதித்துவ மக்களாட்சியை வலுப்படுத்துமா? கடையில் விற்கும் நோட்ஸ் புத்தகங்களில் இதற்கு ஆயத்தமான பதில் இருக்கும். இரண்டு கட்சி முறையே நிலையான ஆட்சி தரும், எதிர்க்கட்சி எது என்பதும் தெளிவாக இருக்கும், பல கட்சிகள் வந்தால் குழப்பம். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து எழுதுவார்கள். நானும் மதிப்பெண் போடுவேன்.

இசக்கிமுத்து சார் அந்தப் பாடத்தை நடத்திய விதம் வேறு. ஒருநாள் அவர் வகுப்புக்கு அடுத்த அறையில் நான் காலியாக இருந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டு வராந்தாவில் போய் நின்றேன். வகுப்பின் ஒவ்வொரு பெஞ்சையும் ஒரு தொகுதி ஆக்கியிருந்தார். கட்சிகள் மூன்று: இட்லி, தோசை, இடியாப்பம் சொதி. எல்லோரும் காகிதத் துண்டில் எழுதிப் போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான பெஞ்சுகளில் இட்லி முதலில் வந்தது. இரண்டு பெஞ்சுகளில் தோசை. அந்தப் பெஞ்சுகள் எல்லாவற்றிலும் இடியாப்பம் இரண்டாவது. மொத்த ஓட்டைக் கூட்டினால் தோசையைவிட இடியாப்பத்துக்குத்தான் அதிகம். ஆனால் அதற்கு ஒரு பெஞ்சும் கிடைக்கவில்லை. கடைசிப் பெஞ்சு மட்டும் கூடிப் பேசி, பட்டியலிலேயே இல்லாத புட்டுக்கு ஓட்டுப் போட்டு ஓர் இடத்தைப் பிடித்துவிட்டது. "பாத்தியளா, இதான் ஸ்காட்லாந்துக்காரன் கட்சி. ஒரே எடத்துல கூடி இருந்தா நாலு பேரு போதும். நாடு பூராம் செதறிக் கெடந்தா நாப்பது பேரு இருந்தும் ஒண்ணும் இல்ல" என்றார்.

நடுவிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "சார், அப்ப இடியாப்பம் கேட்டவன்லாம் பட்டினியா?" என்று கேட்டார்.

"பட்டினி இல்லலே. ஒனக்கும் இட்லி கெடைக்கும். ஆனா நீ இட்லிதான் கேட்டேன்னு எழுதிக்கிடுவாவ."

வகுப்பு சிரித்தது. நானும் வெளியே நின்று சிரித்தேன். அது எவ்வளவு கனமான வாக்கியம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்குள் இதுபற்றி வாதம் ஓய்ந்ததே இல்லை. டில்லியில் கூட்டணி அரசுகள் வந்ததும் கவிழ்ந்ததுமாக இருந்த வருடங்கள் அவை. பதின்மூன்று நாளில் ஓர் அரசு போனது. சின்னக் கட்சிகள் தேர்தலுக்குப் பிறகு கதவை மூடிக்கொண்டு பேரம் பேசுகின்றன, அந்தப் பேரத்துக்கு யாரும் ஓட்டுப் போடவில்லையே என்பேன். "பேரம் ரெண்டு கட்சி நாட்டுலயும் நடக்கத்தான் செய்யுது மேடம். அங்க ஒரே கட்சிக்குள்ள நடக்கு. அதுக்குக் கட்சிக் கட்டுப்பாடுன்னு பேரு வச்சிருக்காவ" என்பார். குரல்கள் கூடுவதும் ஆட்சி நடப்பதும் ஒன்றல்ல என்பேன். அவர் அதை மறுக்க மாட்டார். கட்சிகளின் எண்ணிக்கை கூடினால் மட்டும் ஒன்றும் வலுவாகிவிடாது என்றுதான் அவரும் சொன்னார். போட்ட ஓட்டு எங்கேயாவது தெரிய வேண்டும், எண்ணும் முறை மாறாமல் கட்சி மட்டும் பெருகினால் இடியாப்பக் கதைதான் என்பது அவர் கட்சி.

தொண்ணூற்றேழு மே மாதம் பிரிட்டனில் தேர்தல் நடந்தது. விடுமுறையிலும் அவர் கல்லூரிக்கு வந்து, பத்திரிகையில் வந்த எண்களைத் துறைக் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார். வென்ற கட்சிக்குப் பாதிக்கும் குறைவான வாக்கு, ஆனால் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கமாக இடங்கள். மூன்றாவதாக வந்த கட்சிக்கு ஆறு பேரில் ஒருவர் வாக்களித்திருந்தார். இடமோ பதினான்கில் ஒன்று. "இது ஒங்க நிலையான ஆட்சி மேடம்" என்றார். "நல்லா நடந்தா ஒத்துக்குங்க" என்றேன். "நல்லா நடக்கும். அதச் சொல்லலியே நான்" என்றார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் எங்கள் ஆசிரியர் சங்கத் தேர்தல் வந்தது.

சங்கத்தில் வெகுகாலமாக இரண்டு அணிகள்தான். பழைய கட்டடத்தில் அறை உள்ள துறைகள் ஓர் அணி, புதிய கட்டடத்துத் துறைகள் மற்றோர் அணி. புதிய கட்டடத்தார் நிர்வாகத்துக்கு இணக்கமானவர்கள் என்று பெயர். நாங்கள் பழைய கட்டடம். இந்த இரண்டிலும் சேராத பத்தொன்பது பேர் இருந்தார்கள். நிர்வாகம் ஆண்டுக்கு ஆண்டு நியமிக்கும் தற்காலிக விரிவுரையாளர்கள் அவர்கள். உட்கார நாற்காலி கிடையாது, நூலகத்தில் உட்காருவார்கள். ஏப்ரலில் அனுப்பிவிட்டு ஜூனில் கூப்பிடுவார்கள், அல்லது கூப்பிட மாட்டார்கள். சங்கத்தில் அவர்களுக்கு வாக்கு உண்டு. நிற்கும் உரிமை இல்லை. நிரந்தர ஆசிரியர் மட்டுமே வேட்பாளராகலாம்.

அவர்களுக்காகச் செயலாளர் பதவிக்கு மூன்றாவது வேட்பாளராக இசக்கிமுத்து சார் மனுக் கொடுத்தார். அந்த மனுவை வாங்கிக்கொண்டது நான். அந்த ஆண்டு தேர்தல் அலுவலர் நான்தான்.

தேர்தல் அலுவலர் வேட்பாளரிடம் பேசக் கூடாத பேச்சு ஒன்று உண்டு. அதை நான் பேசினேன். பழைய கட்டட வேட்பாளர், தற்காலிகத்தாரின் பணி நீட்டிப்பை நிர்வாகத்திடம் பேசுவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். இசக்கிமுத்து சார் நின்றால் எங்கள் பக்கத்து ஓட்டுத்தான் பிரியும், புதிய கட்டடம் ஜெயிக்கும், அந்தப் பத்தொன்பது பேருக்கும் ஒன்றும் கிடைக்காது. மதியச் சாப்பாட்டு வேளையில், துறை அறையில், அவர் டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போது இதைச் சொன்னேன். ஓட்டு வீணாகும் என்ற சொல்லையும் சொன்னேன்.

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"ஜெயிக்கதுக்கு மட்டுமா மேடம் ஓட்டு? நாங்க இத்தன பேரு இருக்கோம்னு எண்ணிக் காட்டுததுக்கும்தான்" என்றார். பிறகு, "ஆனா நீங்க சொல்லுத கணக்கு தப்புன்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. என்னால அந்தப் பிள்ளைய வயித்துல மண்ணு விழுந்துறக் கூடாது" என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து வாபஸ் கடிதம் எழுதித் தந்தார்.

வாக்குச் சீட்டுகளை அதற்குள் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டியாகிவிட்டது. மூன்று பெயர்கள். மறுபடி உருட்ட நேரமில்லை. விலகியவர் பெயரின் மேல் தேர்தல் அலுவலர் சிவப்பு மையால் கோடு போட வேண்டும் என்பது சங்க நடைமுறை. எண்பத்தைந்து சீட்டிலும் நான் உட்கார்ந்து கோடு போட்டேன். பாதியில் அவர் அறைக்குள் வந்து எட்டிப் பார்த்தார்.

"விடைத்தாள் மாதிரில்லா அடிக்கீங்க. மார்க்கு ஏதும் உண்டுமா மேடம்?"

"பாஸ் மார்க் போடுறேன் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

வாக்குப் பதிவு முடிந்தது. எண்பத்தொரு பேர் வந்து போட்டார்கள். நான்கு பேர் விடுப்பு. ஊழியர் சுடலை பெட்டியைக் கவிழ்த்துக் கொடுக்க நான் தனியே உட்கார்ந்து பிரித்தேன். ஐந்தாவது சீட்டிலோ ஆறாவதிலோ முதலில் பார்த்தேன். இரண்டு பெயர்களையும் விட்டுவிட்டு, சிவப்புக் கோடு போட்ட பெயருக்கு நேரே ஒரு டிக். கை தவறிவிட்டது என்று நினைத்துச் செல்லாதவற்றில் வைத்தேன். பிறகு இன்னொன்று வந்தது. பிறகு சேர்ந்தாற்போல் மூன்று. கடைசியில் அந்தக் கட்டு ஒரு கையில் பிடிக்கும் அளவு ஆகிவிட்டது. ஒரு சீட்டில் என் கோட்டின் மேலேயே, பேனாவை அழுத்தி, அவர் பெயரைத் திரும்ப எழுதியிருந்தது.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். செல்லாத ஓட்டுகள் எத்தனை என்று அறிவிப்பதில்லை. ஆசிரியர்களுக்கே ஓட்டுப் போடத் தெரியவில்லை என்று வெளியே பேச்சு வரக் கூடாது என்பதற்காக யாரோ எப்போதோ ஏற்படுத்தியது. செல்லுபடியானதை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, மற்றதைக் கிழித்துப் போட வேண்டும். அப்படியே செய்தேன். பழைய கட்டடம் முப்பத்தைந்து, புதிய கட்டடம் இருபத்தொன்பது. எங்கள் அணி வென்றது.

பலகையில் எழுதும்போதே எனக்கு ஒன்று தெரிந்தது. அவர் பெயரில் கோடு போட்ட பிறகும் அவருக்குப் போடுகிறவர்கள் போட்டுத்தான் இருக்கிறார்கள். அத்தனையும் பிரிந்துபோன பிறகும் எங்கள் அணி ஜெயித்திருக்கிறது. நான் அவரிடம் சொன்ன கணக்கு தப்பு. உண்மையாகவே நின்றிருந்தால் இன்னும் சிலர் அவர் பக்கம் வந்து அணி தோற்றிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மையாக இருக்கலாம். தெரியாது.

அடுத்த மாதம் செயற்குழுவில் தேர்தல் அறிக்கையைக் கொடுக்கப் போனேன். செயற்குழுவில் நிரந்தர ஆசிரியர்கள் மட்டுமே. இசக்கிமுத்து சாரும் உறுப்பினர். தற்காலிகத்தாரின் பணி நீட்டிப்பை அவர்தான் எழுப்பினார். வாக்குக் கொடுத்திருந்த செயலாளர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணாச்சி, நான் பேசுதேன்னு சொன்னது வாஸ்தவம். ஆனா பலகையில கூட்டிப் பாத்தேன். அறுவத்தி நாலு ஓட்டுதான். நம்ம மொத்தம் எம்பத்தஞ்சு பேருல்லா? வராத இருவத்தோரு பேருல அந்தப் பத்தொம்பது பேருந்தான இருப்பாவ? ஓட்டுப் போடக்கூட வராதவங்களுக்காக நிர்வாகத்துகிட்ட போயி நான் என்ன சொல்லி நிக்க?"

இசக்கிமுத்து சார் என்னைப் பார்த்தார். வந்தவர்கள் கையெழுத்திட்ட ஏடு என் மடியில் இருந்தது. எண்பத்தொரு கையெழுத்துகள். திறந்து காட்டியிருக்கலாம். திறந்தால் மீதி ஓட்டுகள் எங்கே என்ற கேள்வி வரும். அவை யாருக்கு என்பது வரும். அவர் ஏன் விலகினார் என்பது வரும். கடைசியில் மதியச் சாப்பாட்டு வேளைப் பேச்சு வரும். விதிப்படி இது ரகசியம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது அவர் பைய நடந்து எனக்காக நின்றார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்தப் பிள்ளைய எல்லாம் நெசமாவே வரலையா?"

"வாக்கு விவரம் ரகசியம் சார்" என்றேன்.

"செரி" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. என்னிடம் முகம் கோணவும் இல்லை. பிரிட்டன் பற்றி எங்கள் வாதம் மட்டும் குறைந்துபோனது. நான் ஏதாவது கிளப்பினால், நீங்க சொல்லுததும் சரியாத்தான் இருக்கும் என்பார். எனக்கு அந்தச் சம்மதம் பிடிக்கவில்லை.

ஏப்ரலில் பத்தொன்பது பேரையும் அனுப்பிவிட்டார்கள். ஜூனில் கூப்பிடப்போவதில்லை என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. இசக்கிமுத்து சார் ஒவ்வொருவருக்கும் தன் கையால் அனுபவச் சான்றிதழுக்கு வரைவு எழுதிக் கொடுத்தார். மேற்கொண்டு அவர் ஒன்றும் சொன்னதாக எனக்குத் தெரியாது. மேயில் போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்கு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பஸ்ஸில் போனோம். ஊருக்குப் போகும் பாதையில் அவர் வகுப்பு மாணவர்கள் நிறையப் பேர் வரிசையாக நின்றார்கள். அவர் மனைவி பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாவ. மேடம் கூட சண்ட போட்டாத்தான் பாடம் நல்லா வரும்பாவ" என்றார்கள்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் ஜெயராணி என்னிடம் வந்தார். வரலாற்றுத் துறையில் மூன்றாண்டு தற்காலிகமாக இருந்தவர். இப்போது ஆழ்வார்திருநகரியில் ஒரு நர்சரிப் பள்ளியில் இருக்கிறாராம். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மேடம், அன்னைக்கு சார் பேருல கோடு போட்டிருந்திச்சு. இருந்தாலும் நாங்க சாருக்குத்தான் போட்டோம். அவங்ககிட்ட சொல்லல. எங்களுக்காக வாபஸ் வாங்கிருக்காவ, பேச்சக் கேக்காம போட்டுட்டோம்னா வருத்தப்படுவாவளோன்னு ஒரு மாதிரியா இருந்திச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்கதான எண்ணுனீங்க. நீங்க சொல்லியிருப்பீங்கன்னு இருந்துட்டோம்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

பல கட்சிகள் மக்களாட்சிக்கு வலுவா என்ற கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் உறுதியான விடை இல்லை. ஆட்சி நடத்த ஒரு பக்கம் பலமாக இருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நோட்ஸ் புத்தகத்தில் இருக்கும் பதிலுக்கு இனி என்னால் முழு மதிப்பெண் போட முடியாது. ஜெயிக்க வழியில்லாதவருக்குப் போடும் ஓட்டு வீண் என்று ஒருவரிடம் சொல்வது எவ்வளவு சுலபம், அதைச் சொல்லிவிட்டு அந்த ஓட்டை எண்ணாமல் விடுவது அதைவிடச் சுலபம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஜூனில் தாளின் இரண்டாம் பாதியும் என்னிடம் வருகிறது. இட்லியும் தோசையும் இடியாப்பமும் நான்தான் நடத்த வேண்டும். அவரைப் போல வராது.

வாக்குச் சீட்டுகள் இப்போது இல்லை. அன்று மாலையே கிழித்துவிட்டேன். கையெழுத்து ஏடு சங்க அலமாரியில் இருக்கிறது. வேண்டியவர்கள் பார்க்கலாம். சென்ற ஆண்டு நான் அறிவித்த முடிவு முழுமையானதல்ல. தேர்தல் அலுவலர் என்ற முறையில், விதியை மீறி, அதை இங்கே திருத்தி அறிவிக்கிறேன்.

வாக்களித்தவர்கள் எண்பத்தொருவர். பழைய கட்டட அணி வேட்பாளர் முப்பத்தைந்து. புதிய கட்டட அணி வேட்பாளர் இருபத்தொன்பது. திரு. மா. இசக்கிமுத்து, பதினேழு.

அந்தப் பிள்ளைகள் வந்தார்கள், சார். எண்ணியது நான்தான். நிம்மதியாகப் போய் வாருங்கள்.